சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

டாக்டரம்மா மேசையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். என் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அந்தத் தாளில் ஒற்றினார். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொட்டு. அது என் மகள் யாழினியின் ரத்தம், சற்று முன் அவள் கையிலிருந்து எடுத்தது.

“ரெண்டையும் பாருங்கம்மா” என்றார்.

என்னுடையது சிவப்பாக இருந்தது. எல்லாருக்கும் இருக்கிற சிவப்பு. யாழினியுடையது காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா தாளை எடுத்து ஃபேனுக்குக் கீழே மெல்ல ஆட்டினார். காற்றுப் பட்டால் ரத்தம் சிவக்குமாம். என்னுடையது இன்னும் பளிச்சென்று ஆனது. அவளுடையது பழுப்பாகவே கிடந்தது.

“இது ரத்தந்தானுங்களா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

“ரத்தந்தான். ஆனா மூச்சுக்காத்தைச் சுமக்க முடியாம நிக்குது. அதனாலதான் பாப்பா நீலமா இருக்கா.”

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. சில வருஷங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய ஒரு முற்பகல். யாழினிக்கு மூன்று மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.

படிக்கிறவர்கள் யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த மகராணி என் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு புது நூல்கண்டை முழுதாக அவிழ்த்து முடித்துவிட்டாள். திட்டினால் என்னைவிடச் சத்தமாகத் திருப்பித் திட்டுகிறாள். நன்றாக இருக்கிறாள். தாராளமாகப் படிக்கலாம்.

நிறம் பார்க்கிற கண்

மலைமேல் இருக்கிற செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு தையல் கடை இருப்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

தையல்காரிக்குக் கை முக்கியம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கண்தான் முக்கியம். ஒரு சேலையைக் கொண்டுவந்து விரித்து, “இதுக்குப் பொருத்தமா நூல் போடுங்க” என்பார்கள். மஞ்சள் என்றால் ஒரு மஞ்சளா இருக்கிறது? எலுமிச்சை, மாம்பழம், சந்தனம், வெயில்பட்டு வெளுத்த மஞ்சள் என்று ஒரு வரிசையே இருக்கிறது. ஒருமுறை ஒரு கல்யாணப் பெண்ணின் சித்தி, நான் போட்ட நூல் “ஒரு பொட்டு கூடிப்போச்சு” என்று கடை வாசலில் நின்று சண்டை போட்டார். நானும் விடவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கடைசியில் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்குப் பிறகு நான் எந்த நிறத்தையும் வாசல் வெளிச்சத்தில் பார்க்காமல் முடிவு செய்வதில்லை.

சேலத்துக்குப் போவதற்குச் சில வாரம் முன்பு, யாழினியின் நகத்தையும் அப்படித்தான் வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

குளிப்பாட்டித் துடைக்கும்போது விரல்களை விரித்தேன். நகத்துக்கு அடியில் சாம்பல் கலந்த நீலம். உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்றுவிட்டு வாயைத் துடைக்காத பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. இரண்டு மாதக் குழந்தைக்கு யார் நாவல்பழம் கொடுத்தது?

“ஏனுங்க, இங்க வந்து பாருங்க” என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பெயர் முருகேசன். மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போட்டு, மலையில் பல ஊர்கள் சேர்ந்த எங்கள் பெரக்கரை நாட்டில் தன்னைவிட நல்ல வெள்ளாமைக்காரன் இல்லை என்று நம்புகிறவர்.

அவர் பார்த்தார். “பனி அடிக்குதில்ல புள்ள, குளுருக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார்.

அவருடைய அக்கா நங்கையா பார்த்தார். “எங்க வம்சமே கறுப்புத்தான் அம்மிணி. உன்னையாட்டம் செவப்பு இல்ல” என்றார்.

கறுப்பு எனக்குத் தெரியாதா? கறுப்பு வேறு. இது வேறு. ஆனால் அவரிடம் எதிர்த்துப் பேசினால் அது நிறத்தோடு நிற்காது, என் தாய்வீடு வரைக்கும் போகும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய அபூர்வமான சமயங்களில் அது ஒன்று.

நங்கையா

நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் நாத்தனார். பெயர் சின்னப்பொண்ணு. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்க்கை சரிப்படாமல், பிள்ளையும் இல்லாமல், இளம் வயதிலேயே திரும்பி வந்தவர். வந்தபோது என் வீட்டுக்காரர் தாயில்லாத சிறு பையன். அவரை வளர்த்து ஆளாக்கியது நங்கையாதான்.

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயங்களை எழுதினால் இந்த வாரப் பத்திரிகை போதாது. குழம்புக்கு எவ்வளவு புளி, வாசலை எந்தப் பக்கமிருந்து கூட்டுவது, நான் ஏன் செம்மேட்டுக்குக் கடைக்குப் போக வேண்டும், எல்லாவற்றிலும் சண்டை. ஆனால் யாழினி பிறந்த பிறகு ஒரு விஷயத்தில் நான் அவரைக் கும்பிட்டேன்.

பிரசவத்துக்கு அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து பல நாள் படுத்துவிட்டேன். பால் வற்றிப்போனது. என்னென்னவோ செய்து பார்த்தும் ஊறவில்லை. பால் பவுடர்தான் கொடுக்க வேண்டும், தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கலந்து கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நங்கையா முந்தானையை இழுத்துச் செருகினார். “தண்ணி காய்ச்சறதை எங்கிட்ட உடு. நீ படுத்துத் தூங்கு” என்றார்.

அவர் கஷாயக்காரி. சளி, இருமல், மாந்தம் எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் நங்கையாவின் கஷாயத்தைத்தான் கேட்டு வருவார்கள். கஷாயத்துக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. மூன்று பங்கு வைத்தால் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும். அதற்கு முன்னால் அடுப்பிலிருந்து இறக்கக் கூடாது. சுண்டினால்தான் கெட்டதெல்லாம் போய் நல்லது நிற்கும் என்பார்.

அந்தச் சட்டத்தையே பாப்பாவின் தண்ணீருக்கும் வைத்தார். ஒரு தனிப் பானை. அதை வேறு யாரும் தொடக் கூடாது. விடிந்ததும் நிறையத் தண்ணீர் ஊற்றி, மூன்றில் ஒன்றாகச் சுண்டும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பானையை முழுதாகக் காலி செய்யவும் மாட்டார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மேலே புதுத் தண்ணீரை ஊற்றி மறுபடியும் சுண்டக் காய்ச்சுவார். தயிருக்கு உறை மோர் வைப்பது போல, பழைய தண்ணீர் புதியதைச் சுத்தமாக்கும் என்பது அவர் கணக்கு.

ஒரு அத்தை தன் தம்பி பிள்ளைக்கு இதைவிட என்ன செய்ய முடியும்? பக்கத்து வீட்டுக்காரிகளிடம் நான் பெருமை பேசியிருக்கிறேன்.

போர் வண்டி மலையேறியது

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முன்பெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளத்தில் இருக்கிற ஊத்துக்குப் போய்த் தண்ணீர் தூக்கி வருவோம். இறங்கும்போது கதை பேசலாம், ஏறும்போது மூச்சுத்தான் பேசும். அதனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊருக்கெல்லாம் சேர்த்து ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுவது என்று முடிவானதும் ஊரே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அந்தப் போர் வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகித் திரும்பி ஏறி வந்ததைப் பார்க்கப் பிள்ளைகள் ரோட்டோரம் வரிசை கட்டி நின்றார்கள்.

எங்கே துளை போடுவது என்று பேச்சு வந்தபோது, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் போட்டால் மாட்டுக்கும் வசதி, மனுஷருக்கும் வசதி என்று எல்லாரும் சேர்ந்துதான் சொன்னோம். எருக்குழி பத்தடி தள்ளி இருந்தது. கக்கூஸ் குழியும் வீட்டின் அதே பின்பக்கம்தான் இருந்தது. மேட்டில் எங்கள் குச்சிக்கிழங்குக் காடு. கிழங்கு பெருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் யூரியாவைக் கூட்டிக்கொண்டே வந்தார். மழை பெய்தால் எல்லாம் இறங்கி வருவது எங்கள் போர் இருக்கிற பக்கம்தான். அப்போது யாரும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. மண்ணுக்கு அடியில் போகிற தண்ணீரை மண்ணே வடிகட்டிவிடும் என்று நினைத்தோம்.

தண்ணீரும் அப்படித்தான் வந்தது. கண்ணாடி மாதிரி. வாசனை இல்லை, கலங்கல் இல்லை. குடித்தால் தித்திப்பாகக்கூட இருந்தது. ஊத்துத் தண்ணீரில் சில நாள் இலை மிதக்கும், தவளை குதிக்கும். இதில் ஒரு தூசி கிடையாது. ஊத்துக்குப் போகிற பாதையில் புல் முளைத்துவிட்டது.

தாய்வீட்டில் தெளிந்தாள்

நடுவில் யாழினியைத் தூக்கிக்கொண்டு குண்டனி நாட்டில் இருக்கிற என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே இன்னும் மலை ஊத்துத் தண்ணீர்தான் குழாயில் வரும். அதைக் கொதிக்க வைத்துப் பால் கலந்து கொடுத்தோம். கொஞ்ச நாளில் அவள் நகம் சிவந்தது. கை காலை ஆட்டிச் சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பனிதான் காரணம் போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தோம். ஒரு வாரத்தில் மறுபடியும் நீலம்.

“எங்கம்மா ஊட்டுல நல்லா இருந்தாளுங்க. இங்க வந்ததும்தான் இப்படி ஆகறா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

நங்கையாவின் முகம் இறுகிப்போனது. “அப்ப எங்க ஊடு ஆகலைங்கறயா? நான் பாத்துக்கறது பத்தலையா?” என்றார்.

“நான் அப்படிச் சொல்லலீங்க.”

“சொல்லிட்டியே அம்மிணி.”

அன்றிலிருந்து அவர் பானையை இன்னும் அதிக நேரம் அடுப்பில் வைத்தார். மூன்றில் ஒன்று என்பது நான்கில் ஒன்றானது. குழந்தை வாடினால் தண்ணீரில்தான் ஏதோ சுத்தம் போதவில்லை என்று இன்னும் சுண்ட வைப்பார். அவள் இன்னும் வாடுவாள்.

மலையிறங்கிய காலை

அன்று காலையில் யாழினி பாலைத் தள்ளிவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லை. மூச்சு மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. உதடு, காது, உள்ளங்கால் எல்லாம் ஈயப் பாத்திரத்தின் நிறம். என் வீட்டுக்காரர் இப்போது பனி என்று சொல்லவில்லை. துண்டைக்கூட எடுக்காமல் ஓடிப்போய் ஜீப்பைக் கூட்டிவந்தார்.

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்து, உடனே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இருதயத்தில் கோளாறாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வளைவுக்கு வளைவு வண்டி சாய்கிறது. நான் அவள் நகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆக்சிஜன் போகிறது, நிறம் மாறவே இல்லை. எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டேன். சிலரைத் திட்டவும் செய்தேன். எதிரே நங்கையா ஒரு பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டுக்கை அம்மனிடம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அந்த அவசரத்திலும் பாப்பாவுக்குக் காய்ச்சிய தண்ணீரை எடுத்துவர அவர் மறக்கவில்லை.

சேலத்தில் இருதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இருதயத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்து, வெள்ளைத் தாளைக் கொண்டுவந்தார்.

நீலத்துக்கு நீல மருந்து

“பாப்பாவுக்கு வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

“என்ன பால்?”

“பவுடர் பாலுங்க.”

“எந்தத் தண்ணியில கலக்கறீங்க?”

“போர்த் தண்ணிங்க.”

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. நர்ஸிடம் திரும்பி ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். வந்த ஊசியைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். ஊசி நிறையப் பேனா மை மாதிரி அடர்ந்த நீலம்.

“ஏனுங்க டாக்டரம்மா, புள்ள ஏற்கெனவே நீலமாத்தானுங்க கெடக்குது. இன்னும் நீலத்தையே ஏத்தறீங்களே!”

“இந்த நீலம் அந்த நீலத்தை எடுத்துரும். பாத்துட்டே இருங்க” என்றார் அவர், மருந்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே.

பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழ்நாளில் எந்தத் துணியையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கு நுனியில் ஒரு வெளிறல். உதட்டின் உள்பக்கம் லேசான ரோஜா. என் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு வந்தேன். இல்லை, நிஜம்தான். காது மடல் சிவந்தது. கட்டைவிரல் நகம் சிவந்தது. ஈயம் போய் என் பிள்ளை திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

பிறகு அவள் வாயைத் திறந்து அழுதாள் பாருங்கள், அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. நானும் சேர்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அடுத்து ஒரு கூத்து நடந்தது. துணியை மாற்றப் போனால் அவள் பச்சையும் நீலமுமாக மூத்திரம் போயிருந்தாள். நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “மருந்து வெளிய போகுதும்மா! இனி கொஞ்ச நேரம் பாப்பா சாயப்பட்டறைதான்.” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு, நிறுத்தத் தெரியவில்லை.

“அது என்ன தண்ணி?”

அழுகை இப்போது பசி அழுகையாக மாறியிருந்தது. நங்கையா அதுவரை கட்டிலின் கால்மாட்டில் அப்படியே நின்றிருந்தார். பசி அழுகை கேட்டதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். பிளாஸ்க்கைத் திறந்தார்.

“அது என்ன தண்ணி?” என்றார் டாக்டரம்மா.

“பாப்பாத் தண்ணிங்க. நானே காச்சுனது. நாலுக்கு ஒண்ணாச் சுண்ட வெச்சதுங்க. ஒரு கிருமி இருக்காது” என்றார் நங்கையா. குரலில் அத்தனை பெருமை.

டாக்டரம்மா கை நீட்டி பிளாஸ்க்கை வாங்கி மூடினார். “அம்மா, இதை இனிமே பாப்பாவுக்குக் குடுக்கவே கூடாது. இதுலதான் இருக்கு.”

“என்னங்க இருக்குது? வடிகட்டித்தானுங்க வெச்சிருக்கறேன்.”

“கண்ணுக்குத் தெரியாது. நைட்ரேட்னு ஒரு உப்பு. உரத்துல இருந்து, எருக்குழியில இருந்து, கக்கூஸ் குழியில இருந்து மழையோட எறங்கி நிலத்தடித் தண்ணியில கலந்துரும்.”

என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். “யூரியாவுல இருக்கற தழைச்சத்துங்களா?”

“அதேதான். பயிருக்குச் சத்து. பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தையே மாத்திருது.”

“நாங்களும் அதைத்தானுங்க குடிக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?” என்றார் நங்கையா.

“பெரியவங்க ரத்தம் தாங்கிக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. அதுக்காக வருஷக்கணக்கா குடிக்கறது உங்களுக்கும் நல்லதில்ல, கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ரொம்ப நல்லதில்ல. இவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தாங்கவே தாங்காது.”

“அதுக்குத்தானுங்க காச்சறேன்.”

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்காக இன்றைக்கும் அவரை நான் நன்றியோடு நினைக்கிறேன். “காய்ச்சினா கிருமி சாகும்மா. உப்பு சாகாது. தண்ணி ஆவியாப் போயிரும், உப்பு அங்கயேதான் இருக்கும். குழம்பு சுண்டினா உப்புக் கரிக்குமில்ல, அது மாதிரி.”

எனக்குள் ஒரு மலையே இறங்கியது போல இருந்தது. இருதயம் இல்லை. ஆபரேஷன் இல்லை. வம்சத்து நோயும் இல்லை. வெறும் தண்ணீர்! “தண்ணிதானுங்களா? அவ்வளவுதானா? மாத்திட்டாப் போச்சு!” என்று கத்தியேவிட்டேன்.

அப்புறம்தான் நங்கையாவைப் பார்த்தேன்.

“அப்ப நான் சுண்டச் சுண்ட…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தெரியாம செஞ்சதும்மா” என்றார் டாக்டரம்மா. நங்கையாவின் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

தள்ளி நின்ற கை

வீட்டுக்குத் திரும்பிய சில நாளில் தண்ணீரைப் பரிசோதிக்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் போர்த் தண்ணீரையும் பள்ளத்து ஊத்துத் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் எடுத்துப் போனார்கள். போரில் நைட்ரேட் அளவுக்கு மிஞ்சி இருந்தது. ஊத்து நன்றாக இருந்தது. தவளையோடும் இலையோடும் அதுதான் நல்ல தண்ணீர்.

போரின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்தோம், குடிக்கக் கூடாது என்று. எருக்குழியைத் தள்ளிக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரர் யூரியா மூட்டையைப் பார்த்து நீண்ட நேரம் நின்றார். அந்த வருஷம் பாதிதான் போட்டார். கிழங்கு அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை என்று இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். ஊத்துக்குப் போகிற பாதையில் முளைத்திருந்த புல்லை ஊரே சேர்ந்து செதுக்கியது. அடுத்த தெருவில் ஒருத்திக்கு அப்போது ஏழாம் மாசம். அவள் வீட்டுக்கு முதல் குடம் ஊத்துத் தண்ணீரைக் கொண்டுபோய் இறக்கியது நங்கையா.

எல்லாம் சரியானது. யாழினி நாளுக்கு நாள் தேறினாள். நங்கையா மட்டும் அவளைத் தொடவில்லை.

விடியும் முன்னே பள்ளத்தில் இறங்கித் தண்ணீர் கொண்டுவருவார். குடத்தை அடுப்பங்கரை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அடுப்புப் பக்கம் வரவே மாட்டார். பாப்பா அவரைப் பார்த்துக் கையை நீட்டினால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் தனிப் பானையை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. என்னோடு சண்டையும் போடுவதில்லை. குழம்பில் புளியை அள்ளிப் போட்டுப் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

“எடுத்துக்குங்க நங்கையா, உங்களைத்தான் தேடறா” என்றேன் ஒரு நாள்.

“வேண்டாம் அம்மிணி. என் கை வேண்டாம்.”

“டாக்டரம்மாதான் சொன்னாங்களே, தெரியாமச் செஞ்சதுன்னு.”

“தெரியாமத்தான் செஞ்சேன். இன்னொன்னும் தெரியாமச் செஞ்சுட்டன்னா?”

என் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தார். “அக்கா, நான் போட்ட யூரியா அது” என்றார். எதுவும் எடுபடவில்லை. நயமாகச் சொன்னேன், அதட்டிச் சொன்னேன். ஒரு நாள் அழுதுகூடப் பார்த்தேன்.

கடைசியில் எனக்குப் பிடித்த வழியில் இறங்கினேன். கோபப்பட்டேன்.

கடையைப் பூட்டிப் பல வாரம் ஆகியிருந்தது. ஒரு காலையில் தலையை வாரினேன், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நங்கையாவின் மடியில் யாழினியைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் சுதாரிப்பதற்குள் நாலு எட்டு நடந்துவிட்டேன்.

“எங்கடி போற?”

“கடைக்குங்க. சாயங்காலம் வாரேன்.”

“யாரு பால் குடுக்கறது? ஏ அம்மிணி! தண்ணி யாரு காச்சறது?”

“அவ அத்தைதான்” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடிப்போய் வாங்கியிருப்பேன். ரோட்டில் பஸ் ஏறி, அது வளைவு திரும்பும் வரை என் முதுகில் அவர் திட்டு வந்து விழுந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்க எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

தைரியமாகப் பேசிவிட்டு வந்தேனே தவிர, அன்று முழுக்க என் கை கையாக இல்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை தைத்து வைத்தேன். பிரித்துத் தைத்தேன். நான் செய்தது சரியா, பிள்ளையை வைத்துச் சூதாடிவிட்டேனா என்று மனசு அலைந்தது. வெயில் சாய்வதற்கு முன்பே கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. உள்ளே போனேன்.

நங்கையா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். கடைவாயில் பால் காய்ந்திருந்தது. உதடு நல்ல சிவப்பு. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பாட்டில், ஊத்துத் தண்ணீர்க் குடம், அதன் மேல் ஒரு சொம்பு. நங்கையாவின் முகம் களைத்துப்போயிருந்தது. வயிறு உப்பியிருந்தது.

“ஒரே கொதிதான் அம்மிணி. கொதிச்ச உடனே எறக்கிட்டேன். மிச்சத்தைக் கீழ ஊத்திட்டேன்” என்றார் மெல்லிய குரலில், அவள் எழுந்துவிடாமல்.

“சரிங்க.”

“சும்மா குடுக்கல. ஒவ்வொரு தடவையும் நான் ஒரு சொம்பு குடிச்சேன். குடிச்சுட்டு, என் நகத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்ச பொறவுதான் இவளுக்குக் கலக்குனேன்.”

பெரியவர்கள் குடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது என்று டாக்டரம்மா சொன்னபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றுதான் கேட்டோம். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தையை அவர் மடியிலேயே விட்டுவிட்டு, அவருக்குச் சோறு போடப் போனேன்.